ஆறாவது ஆள்

உப்பைப் பாதியாக்கிவிட்டேன். கறிக்குத் தேங்காயின் முதல் பால் விடுவதை நிறுத்திவிட்டேன். மாட்டிறைச்சியைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. அப்படியிருக்க, இந்தப் பிரஷர் எந்த வாசலால் வீட்டுக்குள் வருகிறது?

மஸீனா இதை வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. கிளினிக் வாங்கில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த கொப்பியைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது. நூற்று ஐம்பத்தாறு. இன்று மறுபடியும் நூற்று ஐம்பத்தாறு. மூன்று மாதமாக அந்த எண் இறங்க மறுத்தது. மாத்திரை தவறவில்லை. அவள்தான் எடுத்துக் கையில் கொடுக்கிறாள், அவன் விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் றம்ஸியின் இடது கை அரை மணி நேரம் அவனுடைய கையாக இருக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "இது தட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு. அடுத்த தடவை உள்ளே வந்து உக்காந்துடும்." அன்றிலிருந்து அவளுடைய உறக்கம் பாதியாகிவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பவனின் இடது கையைத் தொட்டு, அது பிடியை இறுக்குகிறதா என்று பார்ப்பாள். அவனுக்கு வயது நாற்பத்தாறு.

"றம்ஸி நானா, இந்தப் பக்கம் வாங்க."

அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டது ஹம்சிகா. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. போஷாக்குப் படித்துவிட்டு இந்தக் கிளினிக்கில் சாப்பாட்டு விபரம் எழுத வந்திருந்தாள். பிரஷர் இறங்காதவர்களை மட்டும் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து கண்ணு முழிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் வாயில போட்டது எல்லாத்தையும் சொல்லுங்க நானா. வெத்தலையக்கூட விட்றாதீங்க."

றம்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து வருடம் கொரியாவில் தொழிற்சாலை வேலை பார்த்தவன். கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல அங்கேயே பழகியிருந்தான்.

"விடிய சீனி போடாத பிளேன்டீ. பொறகு குரக்கன் ரொட்டி ரெண்டு, பருப்பு. ராவைக்கு இடியப்பம் நாலு, சொதி. சொதியில உப்பும் இல்ல, பாலும் இல்ல. மழைத்தண்ணி மாதிரி."

"பகலைக்கு?"

"பகலைக்கு சாப்பிடல்ல."

"ஒண்ணுமே சாப்பிடலையா?"

"இல்ல மகள். வீட்ட சாப்பிடல்ல."

ஹம்சிகா எழுதப் போனாள். மஸீனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் பொய் இல்லை. பொய் சொன்னால் அவனுக்கு மூக்கு நுனி வியர்க்கும். இப்போது வியர்க்கவில்லை.

"நேத்து பகல் றினோஸ்ட வீட்ட போனீங்களே," என்றாள் மெதுவாக. "புள்ளைக்குப் பேர் வெச்ச சாப்பாடு."

"அது சாப்பாடு இல்லயே மஸீனா. அது அழைப்பு."

பேனா நின்றது. "அழைப்புல என்ன குடுத்தாங்க நானா?"

"வழமையா குடுக்கிறதுதான். சஹன்."

ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு குவிந்திருக்கும். அதன்மேல் பொரித்த கோழி, மாட்டிறைச்சி, முட்டை, கத்தரிக்காய் பொரியல். தட்டைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, ஒன்றாகக் கை வைப்பார்கள். அது முடிய இனிப்புக்கு வட்டலப்பம். ஹம்சிகாவுக்கும் அது தெரியாததல்ல. மாத்தளையில் வளர்ந்த எவருக்குத்தான் தெரியாது.

"எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"ஆறில ஒரு பங்கு."

"அதான் எவ்வளவு?"

றம்ஸி இரண்டு கைகளையும் விரித்தான், குவித்தான், மறுபடி விரித்தான். உண்மையாகவே யோசித்தான். "சொல்ல ஏலா மகள். முன்னால ஈக்கிறத தின்னுற. பக்கத்தாள் நல்ல துண்டா பாத்து எங்கட பக்கம் தள்ளுவார். நான் அவருக்கு ஒண்டு தள்ளுவன். அது மரியாதை."

"நீங்க தள்ளினது கூடவா, உங்களுக்கு வந்தது கூடவா?"

"வந்ததுதான் கூட," என்றாள் மஸீனா. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"நான் தீனிப் பண்டாரம் இல்ல," றம்ஸிக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "வீட்ட இவள் குடுக்கிறத கேளுங்க, கோழிக்குஞ்சு தின்னுற அளவு. கொரியாவுல ஒரு வருத்தமும் இல்லாம ஈந்த ஆள் நான்."

"கொரியாவிலயா இருந்தீங்க?" ஹம்சிகா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அங்கதான் நானா இதப்பத்தி நிறைய ஆராய்ச்சி நடக்குது. பெரிய ஆளுங்கள வருசக் கணக்கா கேட்டு எழுதி, யாருக்கு நெஞ்சு வருத்தம் வருது, யாருக்கு மூளையில ரத்தம் அடைக்குதுன்னு பாக்குறாங்க. ஒரு சாப்பாட்ட மட்டும் புடிச்சிக்கிட்டு இதுதான் கள்ளன்னு சொல்றதில்ல. முழுசா ஒரு ஆள் எப்படிச் சாப்பிடுறாருன்னு பாக்குறாங்க. வெள்ளச் சோறும் உப்புல ஊறினதுமா ஒரு மாதிரி. மரக்கறி, மீன், பருப்பு, பழம்னு கலந்து இன்னொரு மாதிரி. எறச்சி, பொரியல், இனிப்புன்னு வேற மாதிரி."

"எது நல்லதாம்?" என்று கேட்டாள் மஸீனா.

"கலந்து சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து குறைவுன்னுதான் பொதுவா தெரியுது அக்கா. ஆனா இது சாப்பிட்டதாலதான் அது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்து போகுதுன்னு சொல்லலாம். ஒரு நாள் சாப்பாடு ஒண்ணும் பண்ணாது. பழக்கம்தான் பண்ணும்." பேனாவை மறுபடி எடுத்தாள். "அப்ப இந்த அழைப்பு, மாசத்துக்கு எத்தனை நானா?"

"ஒண்டு ரெண்டு ஈக்கும்," என்றான் றம்ஸி.

அலுவிகாரைக்குத் திரும்பும் பஸ்ஸில் மஸீனா அதை விரல் மடித்துப் பார்த்தாள். றினோஸ் வீடு. இறந்தவருக்காகக் கத்தம் ஓதிய இரண்டு வீடு. ஒரு நிச்சயதார்த்தம். மக்காவுக்கு உம்றா போய் வந்தவரின் சாப்பாடு. கடை திறப்பு. ஒரு கை மடித்து அடுத்த கைக்குப் போனபோது றம்ஸியே சொல்ல ஆரம்பித்தான். அவனுக்கும் ஆச்சரியம்தான். பதினொன்றில் வந்து நின்றது.

"பதினொண்டா?" என்றான். "எப்படி பதினொண்டு? எனக்கு அழைப்பு வந்தது நாலு வீட்டாலதானே."

மிச்சம் ஏழும் அழைப்பே இல்லை. எந்த வீட்டிலாவது ஒரு சஹனுக்கு ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது ஆள் குறைந்தால், ஒழுங்கைச் சந்தில் நின்று யாராவது சத்தம் போடுவார்கள், "றம்ஸி நானாவ கூப்பிடு!" மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் ஆள். கூப்பிட்ட குரலுக்கு வருவான். நல்ல கதை சொல்வான். சில நாட்களில் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் போய்க் குறையை நிரப்பிவிட்டு வந்திருக்கிறான். போனது குறையை நிரப்ப. அது எப்படிச் சாப்பாடாகும்?

மஸீனா பஸ் யன்னலால் வெளியே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறொன்று. அவளே அவனை அனுப்பியிருக்கிறாள். கை விழுந்த நாளுக்கு முந்தின நாள் பகல், "அலுப்பா ஈக்கு, போகல்ல," என்று அவன் படுத்திருந்தான். "கூப்பிட்டும் போகாட்டி என்ன நினைப்பாங்க? எழும்பிப் போங்க," என்று தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தது அவள்தான். பத்து வருடம் புருஷன் இல்லாத வீட்டில் ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவன் வந்த பிறகு வாசலில் நின்று யாராவது அவன் பெயரைக் கூப்பிட்டால், அந்தச் சத்தம் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. என் ஆள் வந்துவிட்டார், ஊருக்கு அவர் வேண்டும் என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையிலும் நெய் கொஞ்சம் கூடத்தான்.

அன்று பின்னேரம் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கொரியா பைலை எடுத்தாள். வருடா வருடம் கொம்பனியில் செய்த உடற்பரிசோதனைக் கடதாசிகள். எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் எந்த நாட்டிலும் எண்தானே. வருட வரிசையில் குசினி மேசையில் அடுக்கினாள். நூற்று இருபது. நூற்று இருபத்திரண்டு. நூற்று பதினெட்டு. ஐந்தாம் வருடம்வரை அப்படியே. ஆறாம் வருடம் நூற்று முப்பது. பிறகு முப்பத்தாறு. கடைசிக் கடதாசியில் நூற்று நாற்பத்திரண்டு.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஊர்ச் சாப்பாடு கெடுத்துவிட்டது, கொரியாச் சாப்பாடு காப்பாற்றியது என்றுதான் நினைத்திருந்தாள்.

"இங்க வாங்க. ஆறாம் வருசம் என்ன நடந்த?"

றம்ஸி வந்து குனிந்து பார்த்தான். "அது ரெண்டாவது கொம்பனி. மொத கொம்பனி பெருசு. அங்க கென்டீன். இரும்புத் தட்டுல குழி குழியா ஈக்கும். ஒரு குழியில சோறு, ஒண்டுல கீரை, ஒண்டுல மீன், ஒண்டுல கிம்ச்சி, அவங்கட ஊறுகாய். குழிக்கு மேல வெக்க ஏலா."

"ரெண்டாவது?"

"அது சின்ன இடம். சாஜங், அதான் மொதலாளி, நல்ல மனுசன். வேலை முடிய எல்லாரையும் கடைக்குக் கூட்டிப் போவார். ஹலால் இல்லாத எறச்சி வேணாம், நான் முஸ்லிம்னு சொன்னா எனக்காக மீன் சூப் எடுப்பார். நடுவுல ஒரு சட்டி கொதிக்கும். எல்லாரும் அதுக்குள்ளதான் கரண்டி விடுவாங்க. உப்பு, உறைப்பு. நூடுல்ஸ் போட்டுக் கடைசித் தண்ணி வரைக்கும் குடிக்கணும். மூத்தவர் சூப்ப அள்ளி கோப்பையில ஊத்தினா வேணாம்னு சொல்ல ஏலா. மரியாதை இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்கயும் சஹன்தான்," என்றாள் மஸீனா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"நீ சிரி," றம்ஸி கதிரையில் உட்கார்ந்தான். "மொத அஞ்சு வருசம் அந்தக் குழித்தட்டு. முன்னூறு பேர் சுத்தி ஈப்பாங்க. ஆனா தட்டு தனிய. நான் தின்டதா தின்னல்லயா எண்டு கேக்க ஒரு ஆள் இல்ல. அந்தச் சட்டியில கரண்டி விட்ட நாள்தான் நானும் ஒரு ஆள் எண்டு ஈந்த. இங்க வந்தா ஆறு கை ஒரே தட்டுல. பக்கத்தாள் நல்ல துண்டா பாத்து எனக்குத் தள்ளுறான். அந்த ருசி நெய்யில இல்ல மஸீனா."

கடதாசியில் எண் இருந்தது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதனின் தனிமை இருந்தது. இரண்டையும் எப்படி ஒன்றாகப் பார்ப்பது என்று அவள் பல நாள் யோசித்தாள்.

அடுத்த சில வாரம் றம்ஸி மறுத்துப் பார்த்தான். வயிறு சரியில்லை என்று ஒரு வீட்டுக்குச் சொன்னான். அரை மணி நேரத்தில் நெய்ச்சோறு பார்சலாக வீடு தேடி வந்தது, கூடவே ஒரு போத்தல் ஓமத் தண்ணீரும். இன்னொரு வீட்டில் உண்மையையே சொன்னான். "ஒரு நாளைக்கு ஒண்டும் ஆகா, பிஸ்மி சொல்லித் தின்னுங்க," என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். ஒழுங்கையில் ஒரு கதையும் கிளம்பியது, கொரியாக் காசு வந்ததும் ஊர்ச் சோறு கசக்கிறதாம், பொஞ்சாதி மந்திரிச்சு வீட்டுக்குள்ள வெச்சிருக்காளாம். மஸீனாவின் காதுக்கு அது வந்தபோது இரண்டு நாள் அவள் வெளியே தலை காட்டவில்லை. அந்த மாதம் எண் நூற்று அறுபது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கீன் ஹாஜியார் புது வீட்டுக்குக் குடிபுகுந்தார். அதே ஒழுங்கை, நாலு வீடு தள்ளி. காலையிலேயே றம்ஸி போய் சலாம் சொல்லி, கை பிடித்து முசாபஹா செய்து, துஆப் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு நிற்க முடியாது என்று ஹாஜியாரின் காதில் சொல்லிவிட்டு வந்தான். ஹாஜியார் தலையாட்டினார். அது கேட்டதற்கா, கூட்டத்தின் சத்தத்தில் கேட்காததற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

பகல் ழுஹர் தொழுதுவிட்டு அவன் வரும்போது வீட்டு நடுவில் பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில் மஸீனாவின் கலியாணத்துக்கு வந்த வட்டத் தட்டு. சிவப்பரிசிச் சோறு ஒரு பக்கம் கொஞ்சமாக. மிச்ச இடமெல்லாம் பருப்பு, பொன்னாங்காணிச் சுண்டல், வாழைப்பூ, புளி போட்டு வற்றவைத்த மீன், ஓரத்தில் வெட்டிய பப்பாசிப் பழம்.

"இது என்ன?" என்றான்.

"சஹன்," என்றாள் மஸீனா. "உக்காருங்க."

"மூணு பேருக்கு சஹனா உம்மா?" பதினேழு வயது மகள் ஜெஸ்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா படம் எடுத்துப் போடுவாங்க."

"போடட்டும். நீ வாப்பாட பக்கம் அந்த மீன் துண்டத் தள்ளு."

ஜெஸ்லா தள்ளினாள். றம்ஸி ஒரு கணம் அந்தத் துண்டையே பார்த்தான். பிறகு பிஸ்மி சொல்லிக் கை வைத்தான். பொன்னாங்காணியை எடுத்து மகள் பக்கம் தள்ளினான். அவள் முகம் சுளித்தபடி அதைத் தின்றாள். அவன் சத்தமாகச் சிரித்தான்.

மூன்றாவது பிடியில் கதவு தட்டப்பட்டது. றம்ஸியின் ராத்தா, மூத்த சகோதரி பஸ்லா. பக்கத்து வீடு. ஹாஜியார் வீட்டுக் குசினியில் விடியலிலிருந்து நிற்கிறாள். முந்தானையெல்லாம் நெய் மணம்.

"மஸீனா, தம்பிய கெதியா வரச் சொல்லு. அக்குறணையில ஈந்து வந்த ஆக்கள் அஞ்சு பேர் கையும் கழுவிட்டு உக்காந்து ஈக்காங்க. ஒரு ஆள் கொறயிது."

மஸீனா கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் றம்ஸியின் சிரிப்பு நின்றுபோனது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலே அவன் எழும்ப ஒரு முழங்காலை ஊன்றிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ராத்தா கூப்பிட்டு அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

"மதினி, நான் ஒண்டு கேக்கவா?" என்றாள். சண்டைக்கான குரல் இல்லை அது. எத்தனையோ நாளாக மனசில் கிடந்த சந்தேகம். "அந்தத் தட்டுல அஞ்சு பேர் தின்டா என்ன நடக்கும்?"

"என்ன கேள்வி இது? கொறச்சல் தானே."

"யாருக்குக் கொறச்சல்?"

பஸ்லா நெய் பட்ட கையை முந்தானையில் துடைத்தாள். நாற்பது வருடமாக எத்தனை சபைக்குச் சோறு அள்ளி வைத்த கை அது. ஒருவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"வாற ஆளுக்கு மரியாதை வேணாமா?" என்றாள் கடைசியில்.

"வேணும் மதினி. ஒங்கட தம்பிக்கும் வேணும்." மஸீனாவின் குரல் தாழ்ந்தே இருந்தது. "போன மாசம் பிரஷர் நூத்தி அறுபது. வீட்ட தின்டதும் சபையில தின்டதும் ஒரே ஒடம்புக்குள்ளதான் போகுது. அழைப்பு எண்டு சொன்னா நரம்புக்கு வெளங்காது. ஏலாது எண்டு சொல்ற ஆள்ட தோள அழுத்தித் தின்ன வெக்கிறத நாங்க எல்லாரும் அன்பு எண்டு நெனச்சிட்டு ஈக்கிறோம். நானும் அப்படித்தான் நெனச்சன், நானே தொப்பி எடுத்துக் குடுத்தன். அது அன்பு இல்ல. வேணாம் எண்டா விடுறதுதான் அன்பு. அவர் நாலு பேரோட உக்காரட்டும், கதைக்கட்டும், சிரிக்கட்டும். ஆனா தட்டு நெரம்பணும் எண்டு ஆள வெறுமையாக்க ஏலா."

பஸ்லா அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். பாய். வட்டத் தட்டு. அதன் முன்னால் ஒரு முழங்கால் ஊன்றியபடி தம்பி. அவன் முகத்தில் என்ன பார்த்தாளோ, அவளுடைய குரல் இறங்கியது.

"அங்க அவங்க கைய கட்டிட்டு ஈக்காங்க மஸீனா. பேருக்கு வந்து உக்காரட்டும். ஒரு பிடி. ஒரே ஒரு பிடி தின்னுட்டு எழும்பட்டும். நான் ஹாஜியாருக்கு என்னத்த சொல்ற?"

நாளைக்கு ஒழுங்கையில் என்ன பேசுவார்கள் என்று மஸீனாவுக்குத் தெரியும். அதை ஒரு தரம் மனசில் முழுதாகக் கேட்டுப் பார்த்தாள். கேட்டு முடிந்த பிறகும் வாசலை விட்டு விலகவில்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஒரு பிடியும் வேணாம் மதினி," என்றாள். "அவர் இங்க சஹன்ல உக்காந்திட்டார். எழும்பினா இங்க ஒரு ஆள் கொறயும்."